குதிரையோடு ஒரு ராத்திரி: காட்டு முகாம் பற்றிச் சில குறிப்புகள்

நாலு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. என் சித்தப்பா பையன், எனக்குத் தம்பி முறை, அந்தியூர் சந்தையில் ஒரு பெட்டைக் குதிரை வாங்கிட்டு வந்தான். திட்டக்குடியில் அப்போது அது ஒரு அதிசயம். காலையில் வெள்ளாற்று மணலில் அவன் சவாரி போவதைப் பார்க்கவே பிள்ளைகள் கூடும். அந்த வருஷம் குலதெய்வம் கோயில் படையலுக்குக் குடும்பமே ஒரு ராத்திரி தோப்பில் தங்கினோம். தம்பி குதிரையிலேயே வந்துவிட்டான்.

ராத்திரி படையல் முடிந்தது. சோறும் பொங்கலும் மிச்சம். "பாவம், அதுவும் நடந்துதானே வந்துச்சு" என்று ஒரு அன்னக்கூடைச் சோற்றைக் கொண்டுபோய் குதிரை முன்னால் வைத்தவன் நான்தான். ஆசையாகத் தின்றது. பக்கத்தில் இருந்த வேப்பமரத்தில், இடுப்பு உயரத்தில் கயிற்றைக் கட்டிவிட்டுப் படுத்துவிட்டோம்.

விடியற்காலையில் அது வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பின்னங்காலால் வயிற்றை உதைத்தது. விழுந்து புரண்டது. உடம்பெல்லாம் வேர்வை. கால்நடை மருத்துவர் வந்து சேரும்போது நேரம் கடந்துவிட்டது. மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. மருத்துவர் எங்களைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "மாட்டைப் பாத்த கண்ணோட குதிரையைப் பாத்திருக்கீங்க சார்."

அந்த ஒரு வாக்கியம் என்னை விடவே இல்லை. அன்றிலிருந்து குதிரையோடு வெளியே தங்குவது பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது அதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. தம்பி மறுபடியும் கேட்கிறான்: "அண்ணே, பச்சைமலை அடிவாரத்துல குதிரையோட கேம்ப் போடலாமா? வெளிநாட்டுல எல்லாம் போடுறாங்களே." அவனுக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வயிறு

மாட்டுக்கு இரைப்பை நாலு அறை. அவசரமாகத் தின்றுவிட்டு, பிறகு நிதானமாக அசை போடும். குதிரைக்கு ஒரே இரைப்பை, அதுவும் உடம்பு அளவுக்குச் சின்னது. 8 முதல் 15 லிட்டர் வரைதான் கொள்ளும். புல்லின் நாரை நொதிக்க வைக்கும் வேலை பின்னால் இருக்கும் பெருங்குடலில் நடக்கிறது. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாருக்குப் பழகி உட்கார்ந்திருக்கின்றன. திடீரென்று ஒரு கூடை சோறு, அதாவது மாவுச்சத்து, செரிக்காமல் அங்கே போய்ச் சேர்ந்தால் அமிலமும் வாயுவும் பெருகிவிடும். மாடு என்றால் வாயுவை ஏப்பமாக வெளியே விடும். குதிரைக்கு ஏப்பமும் வராது, வாந்தியும் வராது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் உள்ள தசை அவ்வளவு இறுக்கமானது. உள்ளே போனது முன்பக்கமாகத் திரும்பாது. வயிற்றுவலியே குதிரைக்குச் சாவு என்று சொல்வது இதனால்தான்.

இன்னொரு விஷயம். குதிரையின் இரைப்பை நாள் முழுக்க அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மென்றால்தான் ஊறும். அதனால்தான் வெளியில் விட்டால் ஒரு நாளில் 14, 16 மணி நேரம் மேய்ந்துகொண்டே இருக்கிறது. மனுஷன் மாதிரி மூன்று வேளை என்ற கணக்கு அதற்கு இல்லை. ராத்திரி முழுக்கப் பட்டினியாகக் கட்டிப்போட்டு, காலையில் மொத்தமாகத் தீனி போடுவது தலைகீழ் வேலை.

இது நாங்கள் மட்டும் செய்த தப்பு இல்லை என்பதும் பிறகு தெரிந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே குதிரைகள் பிழைப்பதில்லை என்று எழுதியிருக்கிறார். வருஷா வருஷம் கடல் வழியாகக் குதிரைகள் வந்து இறங்குகின்றன, ஆனால் இங்குள்ளவர்கள் வேகவைத்த அரிசியையும் இறைச்சியையும் தீனியாகப் போடுகிறார்கள், குதிரையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆட்களும் இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். கடலில் குதிரை வந்து இறங்குவதைப் பட்டினப்பாலையே சொல்கிறது. அத்தனை காலமாக விலை கொடுத்து வாங்கியும், குதிரை நமக்கு வெளியூர் விருந்தாளியாகவே இருந்திருக்கிறது. விருந்தாளிக்குச் சோறு போடுவதுதான் நம் வழக்கம். அங்கேதான் கோளாறு.

அமெரிக்கக் காட்டில் எப்படிச் செய்கிறார்கள்?

என் அக்கா பையன் அமெரிக்காவில் இண்டியானாவில் வேலை பார்க்கிறான். ஒருநாள் போனில், "மாமா, இங்க காட்டுக்குள்ள குதிரைக்குன்னே தனியா கேம்ப் கிரவுண்ட் இருக்கு மாமா" என்றான். ஹூசியர் தேசியக் காட்டில் உள்ள பிளாக்வெல் குதிரை முகாமுக்கு நண்பர்களோடு போய் வந்திருக்கிறான். அங்கிருந்து சவாரிப் பாதைகள் காட்டுக்குள் போகின்றன. அந்த நாட்டில் இது ரொம்பச் சாதாரணம். மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை சுமார் 4,260 கி.மீ. போகும் பசிபிக் கிரெஸ்ட் பாதையே நடப்பவர்களுக்கும் குதிரைக்கும் பொதுவானதுதான்.

நான் அவனிடம் கேட்டது ஒன்றுதான்: "மனுஷங்க எங்க தூங்குறாங்கன்னு வேணாம்டா. குதிரை எங்க நிக்குது, அதைச் சொல்லு." அவன் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்துப் பார்த்தால், முகாமின் அமைப்பே குதிரையை வைத்துத்தான் தீர்மானமாகிறது.

*இடம்.* குதிரையை ஏற்றிவரும் வண்டி நீளமானது. பின்னால் எடுக்கத் தெரியாதவர்களும் வருவார்கள். அதனால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி வண்டி நிறுத்துமிடம். தரை மேடாக, சேறில்லாமல் இருக்கவேண்டும்.

*கட்டுவது.* எங்கள் தப்பு இங்கேயும் இருந்தது. மரத்தில் நேரடியாகக் கட்டினால் இரண்டு பேருக்கும் கெடுதல். குதிரை சும்மா நிற்காது, முன்னங்காலால் தரையைப் பறிக்கும். வேர் வெளியே வரும், பட்டை உரியும், மரம் பட்டுப்போகும். கயிறு தாழ்வாக இருந்தால் குதிரையின் கால் அதற்குள் மாட்டும். மாட்டினால் பயந்து இழுக்கும், கால் முறியும். அங்கே ஒன்று, மரச்சட்டம் அடித்த தொழுவம் இருக்கும். இல்லாவிட்டால் இரண்டு மரங்களுக்கு நடுவே, தலைக்கு மேலே ஏழடி உயரத்தில் ஒரு கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். மரத்தைச் சுற்றிக் கயிறு இல்லை, அகலமான நாடா. அந்த மேல்கயிற்றிலிருந்து குதிரையின் கயிறு தொங்கும். வாய் தரைத் தீனிக்கு எட்டவேண்டும், ஆனால் கால் சிக்கும் அளவுக்குத் தொய்வு கூடாது. முடிச்சு ஒரே இழுப்பில் அவிழவேண்டும். இழுக்க இழுக்க இறுகும் உருவாஞ்சுருக்கு கூடவே கூடாது.

*தீனி.* காட்டில் மேய்த்துக்கொள்ளலாம் என்று யாரும் வெறுங்கையோடு போவதில்லை. காய்ந்த புல்லை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகிறார்கள். அதிலும் மேற்கு மாநிலங்களின் பல தேசியக் காடுகளில், களை விதை இல்லாதது என்று சான்று பெற்ற புல்தான் உள்ளே போகலாம். இதைப் படித்தபோது, எதற்கு இவ்வளவு கெடுபிடி என்று முதலில் தோன்றியது. பிறகு நம்ம ஊர்ச் சீமைக் கருவேலம் ஞாபகத்துக்கு வந்தது. ஆடு அதன் இனிப்பு நெற்றைத் தின்னும். விதை செரிக்காமல் புழுக்கையில் வெளியே வரும். அப்படித்தானே ஏரியும் வாய்க்காலும் கருவேலங்காடு ஆனது? குதிரையும் அதே வேலையைச் செய்யும். ஒரு விதை அதன் குடலைக் கடந்து வர இரண்டு மூன்று நாள் ஆகலாம். அதனால் காட்டுக்குப் போவதற்குச் சில நாள் முன்பிருந்தே சுத்தமான புல்லைக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

*தண்ணீர்.* ஓடைக்கரையில் முகாம் போடுவதுதான் நம் எல்லாருக்கும் ஆசை. அங்கே அது கூடாது. நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளித்தான் குதிரையைக் கட்டவேண்டும் என்பது பொதுவான நெறி. கரை மிதிபட்டுச் சரியும், மூத்திரமும் லத்தியும் தண்ணீரில் கலக்கும் என்பது காரணம். வாளியில் மொண்டு வந்து காட்டுகிறார்கள்.

*லத்தி.* ஒரு குதிரை ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிலோ வரை போடும். முகாமை விட்டுக் கிளம்பும்போது அதை அள்ளிக் குழியில் சேர்க்கவேண்டும், அல்லது வண்டியில் திருப்பி எடுத்துப்போக வேண்டும். குதிரை பறித்த பள்ளத்தை மூடிவிட்டுத்தான் புறப்படவேண்டும்.

*நோய்ச் சான்று.* பல ஊர்க் குதிரைகள் ஓரிடத்தில் சேரும்போது ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் போகும். அதனால் இரத்தப் பரிசோதனைச் சான்று கேட்கிறார்கள். நம் நாட்டில் இதைவிடக் கவலைப்படவேண்டியது கிளாண்டர்ஸ். மூக்கொழுக்கும் தோல் கட்டிகளுமாக வரும் பாக்டீரியா நோய், மனுஷருக்கும் தொற்றும். தீனித்தொட்டியும் தண்ணீர்த்தொட்டியும் பொதுவாக இருந்தால் சுலபமாகப் பரவும். 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, கண்டால் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோய் இது. ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இதற்கான பரிசோதனைகளைச் செய்கிறது. ஆளுக்கொரு வாளி என்ற சின்னப் பழக்கத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

நமக்கு இது புதுசா?

முழுக்கப் புதுசு இல்லை. "சார் கேம்ப் போயிருக்கார்" என்று நம் அலுவலகங்களில் இன்றைக்கும் சொல்கிறோமே, அது வெள்ளைக்கார அதிகாரிகள் கூடாரத்தோடும் குதிரையோடும் தாலுகா தாலுகாவாகச் சுற்றிய காலத்துப் பேச்சு. அதற்கும் முன்னால் பாளையம் என்ற சொல்லுக்கே படை தங்கும் இடம் என்றுதான் பொருள். நம் வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டைப் பக்கத்தில் 1781 ஜூலை 1-ஆம் தேதி ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதினார்கள். ஹைதரின் பலமே குதிரைப்படை. அத்தனை குதிரைகளுக்கும் தினமும் புல்லும் தண்ணீரும் வேண்டும். அந்தக் காலத்துப் படை எங்கே தங்கும் என்பதை ஆறும் ஏரியும் புல்வெளியும்தான் முடிவு செய்தன.

இன்றைக்கு அதை நேரில் பார்க்க ஒரு இடம் உண்டு. அந்தியூர் பக்கத்துப் புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழா. அங்கே கூடும் குதிரை, மாட்டுச் சந்தைக்குப் பல மாவட்டத்திலிருந்தும் வெளி மாநிலத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். மார்வாரி, கத்தியவாரி என்று வடநாட்டு இனங்களும் வரும். தம்பி கூட நானும் போயிருந்தேன். அப்போது குதிரைகளின் அழகைத்தான் பார்த்தேன். அவை தங்கியிருந்த விதத்தைக் கவனிக்கவில்லை. இப்போது யோசித்தால் எல்லாம் கண்ணுக்கு வருகிறது. நிழலுக்குப் பந்தல். முளையடித்து, ஒன்றை ஒன்று உதைக்காத தூரத்தில் கட்டியிருந்தார்கள். ஒவ்வொருத்தரும் தீனியைச் சொந்தமாகக் கொண்டுவந்திருந்தார்கள். ஊற வைத்த கொள்ளு, குதிரை மசால், அருகம்புல். குதிரைக்குப் பக்கத்திலேயே கட்டில் போட்டு ஒரு ஆள் படுத்திருந்தார். "தூங்க மாட்டீங்களாண்ணே?" என்று தம்பி கேட்டதற்கு, "அது படுத்தா நான் படுப்பேன் தம்பி" என்றார். அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்தோம்.

கொள்ளையும் ஏன் ஊற வைத்து அல்லது வேகவைத்துக் கொடுக்கிறார்கள் தெரியுமா? பச்சைக் கொள்ளில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. வேகும்போது அவை அழியும், ஊறும்போது கொஞ்சம் குறையும். இன்னொன்று, வைக்கோலும் அரிசித் தவிடும் மாட்டுக்கு ஆகும் என்று குதிரைக்கும் அதையே பிரதானமாக வைக்கக் கூடாது. வைக்கோலில் சத்து குறைவு. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. அதையே தின்று வந்தால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும், முக எலும்பு வீங்கிவிடும்.

நம் காட்டில் முடியுமா?

தம்பியின் கேள்விக்கு நேரடியான பதில்: காப்புக்காட்டுக்குள் முடியாது. அனுமதியில்லாமல் நாம் நுழைவதே குற்றம். குரங்கணித் தீ விபத்து நடந்த 2018-க்குப் பிறகு மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்துவிட்டன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. அவையெல்லாம் வழிகாட்டியோடு நடந்து போகிற பாதைகள். மேய்ச்சல் விஷயமும் இருக்கிறது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் தமிழகக் காடுகள் எல்லாவற்றிலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை போட்டது. அதே மாதத்தில் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று அதைக் குறுக்கியது. சரணாலயத்திலிருந்து 5 கி.மீ.க்குள் வளர்க்கும் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்யவேண்டும் என்று 1972 வன உயிரினச் சட்டத்திலேயே இருக்கிறது. வீட்டு விலங்கின் நோய் காட்டுக்குள் போய்விடக் கூடாது என்பதுதான் நோக்கம்.

சட்டத்தை விடுங்கள், காட்டின் நிலைமையைப் பாருங்கள். நம் மலைகளில் பல இடங்களில் சிறுத்தை உண்டு, யானை உள்ள காடுகளும் உண்டு. கட்டிப்போட்ட குதிரை ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. அமெரிக்காவிலும் கரடி உண்டு. ஆனால் அங்கே இத்தனை ஊர்களும் வயல்களும் காட்டை ஒட்டி நெருக்கிக்கொண்டு இல்லை. நம் காடுகள் துண்டு துண்டாக இருக்கின்றன. அங்கே மிச்சம் இருக்கும் புல்லும் குட்டையும் மானுக்கும் காட்டெருமைக்குமே போதவில்லை. அதில் நம் பொழுதுபோக்குக்குப் பங்கு கேட்பது நியாயமாகப் படவில்லை. நிறையப் பேருக்கு இது பிடிக்காது, தம்பிக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நான் படித்த வரையில் வந்து சேர்ந்த முடிவு இதுதான்.

அப்படியானால் எங்கே?

சொந்தப் பட்டா நிலத்தில், தோப்பில், போர் தண்ணீர் இருக்கிற இடத்தில். பக்கத்து வண்டிப்பாதைகளிலும் ஆற்று மணலிலும் சவாரி. வெலிங்டன் ஏரிக்கரை அழகுதான், ஆனால் ராத்திரி அங்கே கட்டவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஈரமான இடத்தில் மாட்டு ஈ அதிகம். 'சர்ரா' என்ற இரத்த ஒட்டுண்ணி நோயைப் பரப்புவது அந்தக் கடிக்கும் ஈக்கள்தான். கவனிக்காவிட்டால் குதிரை பிழைக்காது.

தம்பியிடம் ஒரு கணக்கும் போட்டுக் கொடுத்தேன். 400 கிலோ குதிரைக்கு, எடையில் 2 சதவீதம் என்று வைத்தால், நாளைக்கு 8 கிலோ காய்ந்த தீனி. இரண்டு குதிரை, இரண்டு நாள் என்றால் 32 கிலோ. வெயிலில் சவாரியும் செய்தால் ஒரு குதிரைக்கு நாளைக்கு 40 லிட்டர் தண்ணீர் வரை வேண்டும். மொத்தம் 160 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் எட்டு. அள்ளவேண்டிய லத்தி 60 கிலோவுக்கு மேல். இதற்கு மேல் மேல்கயிறு, அகல நாடா, ஆளுக்கொரு வாளி, மருத்துவர் போன் நம்பர், ராத்திரி முறை வைத்து விழித்திருக்க இரண்டு பேர். பார்த்துவிட்டு, "இது கேம்ப் இல்லண்ணே, பிரசவத்துக்குப் பக்கத்துல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு" என்றான். ஆமாம், கிட்டத்தட்ட அப்படித்தான்.

ராத்திரி பார்க்கவேண்டியது என்ன என்பதையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புது லத்தி விழுந்திருக்கிறதா? தீனியைத் தொடுகிறதா? வயிற்றைத் திரும்பிப் பார்க்கிறதா, தரையைப் பறிக்கிறதா, மேல் உதட்டைச் சுருட்டுகிறதா? காதை விலாவில் வைத்தால் குடல் இரையும் சத்தம் கேட்கவேண்டும். சத்தமே இல்லாவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தீனியை எடுத்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடவேண்டும். நின்றுகொண்டே கண்ணை மூடினால் பயப்படவேண்டாம், குதிரை பெரும்பாலும் நின்றுகொண்டேதான் தூங்கும். ஆழ்ந்த தூக்கத்துக்குக் கொஞ்ச நேரம் படுக்கும். இடம் பாதுகாப்பானது என்று அதற்குத் தோன்றினால்தான் படுக்கும்.

இதை எழுதும்போதுதான் அந்தியூரில் கட்டிலில் படுத்திருந்தவர் சொன்னது புரிந்தது. அது படுத்தால் அவர் படுப்பார். குதிரை முகாமுக்கு அதைவிடச் சுருக்கமான விதி எனக்குக் கிடைக்கவில்லை.

தம்பி இன்னும் குதிரை வாங்கவில்லை. முதலில் தோப்பில் அரை ஏக்கருக்குக் கொழுக்கட்டைப் புல் விதைத்திருக்கிறான். அது வளர்ந்து ஒரு அறுப்பு எடுத்த பிறகு அந்தியூருக்குப் போகலாம் என்கிறான். இந்தத் தடவை நானும் போவேன், குதிரையைப் பார்க்க இல்லை, அவை கட்டியிருக்கிற கயிற்றைப் பார்க்க.